முப்பது கோடுகளில் ஒரு முகம்

எங்க வீட்டு பீரோவில் ஒரு ஹை-8 கேசட் ரொம்ப வருஷமா தூங்கிட்டு இருந்தது. அண்ணனோட காதுகுத்துக்கு, சிங்கப்பூர்ல இருந்து வந்த மாமா தன் ஹேண்டிகேம்ல எடுத்தது. தாத்தா நடந்து, சிரிச்சு, பேசற மாதிரி எங்ககிட்ட இருக்கிற ஒரே பதிவு அதுதான். போன லீவுல அதை ஒரு கடையில் கொடுத்து டிவிடியா மாத்தி வாங்கினோம். போட்டுப் பார்த்தா தாத்தாவுக்குப் பின்னாடி இருக்கிற வாசக்கால் தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி நெளியுது. படத்தோட மேல்பக்கம் ஒரு ஓரமா சாயுது. முகமோ கட்டம் கட்டமா உடையுது. அம்மா ஒண்ணும் சொல்லல. டிவியை ஆஃப் பண்ணிட்டு எழுந்து போயிட்டாங்க.

இது ஏன் இப்படி ஆகுதுன்னு தேடப் போய்த்தான் ஜான் லோகி பெயர்டுகிட்ட வந்து சேர்ந்தேன். டெலிவிஷனைக் கண்டுபிடிச்சவர்னு ஸ்கூல்ல ஒரு மார்க் கேள்விக்குப் படிச்ச அதே பெயர்டுதான். ஆனா அவர் அசையும் படத்தை ஒரு வட்டத்தட்டில் பதிவு செய்யவும் முயற்சி பண்ணினார், அதுவும் 1927-லேயே என்பது எனக்குத் தெரியாது. அந்தத் தட்டுகளில் இருந்த கோளாறும் எங்க தாத்தா கேசட்டில் இருந்த கோளாறும் ஒரே ஜாதி. அதனால அவர் கதையை முழுசா படிச்சேன். இங்கே சொல்றது அதைத்தான்.

1888 ஆகஸ்ட் 13-ஆம் தேதி, ஸ்காட்லாந்தில் ஹெலன்ஸ்பரோ என்ற கடலோர ஊரில் பிறந்தார். அப்பா ஒரு சர்ச்சில் பாதிரியார். நாலு பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. சின்ன வயசிலேயே உடம்பு ரொம்ப பலவீனம். சளி பிடித்தால் வாரக்கணக்கில் படுக்கைதான், அது கடைசி வரைக்கும் அவரை விடவில்லை. ஆனா படுக்கையில் இல்லாத நேரமெல்லாம் ஏதாவது ஒண்ணைக் கழட்டி மாட்டிட்டே இருந்திருக்கார். வீட்டுக்கு மின்விளக்கு போட்டார். தெருவில் இருந்த நண்பர்கள் வீட்டுக்கெல்லாம் கம்பி இழுத்து ஒரு குட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் நடத்தினார்.

அப்புறம் கிளாஸ்கோவில் ஒரு டெக்னிக்கல் காலேஜ். அங்கே இவர் கூடப் படிச்சவர்களில் ஒருத்தர் ஜான் ரீத். பிற்காலத்தில் பிபிசியின் முதல் டைரக்டர் ஜெனரல் ஆனவர். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும். அதுக்கப்புறம் கிளாஸ்கோ யுனிவர்சிட்டியில் சேர்ந்தார். நடுவில் முதல் உலகப்போர் வந்தது, படிப்பு பாதியில் நின்றது. கடைசி வரை அங்கே டிகிரி முடிக்கவே இல்லை. ராணுவத்துக்குப் போனார், உடம்பு தகுதி இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு மின்சாரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கேதான் கிராஃபைட்டுக்குள் பெரிய மின்சாரத்தைப் பாய்ச்சி வைரம் செய்யப் பார்த்தார். வைரம் வரல, ஊரின் ஒரு பகுதிக்குக் கரண்ட் போச்சு. அடுத்து ஒரு சாக்ஸ் வியாபாரம். சாதாரண சாக்ஸுக்கு உள்ளே போட்டுக்கிற இன்னொரு சாக்ஸ், பாதம் ஈரமாகாமல் இருக்கும்னு சொல்லி வித்தார். இது நிஜமாவே நல்லா ஓடியது. கையில் காசு சேர்ந்ததும் 1919-ல் டிரினிடாடுக்குக் கப்பல் ஏறிட்டார். பழமும் சர்க்கரையும் மலிவா கிடைக்கிற இடம், அங்கே ஜாம் தயாரிக்கலாம்னு கணக்கு. கொதிக்கிற அண்டா வாசத்துக்கு ஊர்ப் பூச்சியெல்லாம் படையெடுத்து வந்து அதுக்குள்ளேயே விழுந்தது. அடுத்த வருஷமே திரும்பி வந்தார். லண்டனில் சோப்பு வியாபாரம். அதுவும் உடம்பு சரியில்லாமல் கைவிட்டுப் போச்சு.

இன்டர்வியூவில் இந்த ரெஸ்யூமேவை நீட்டினால் எச்.ஆர். என்ன நினைப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. 34 வயசு, டிகிரி முழுசா இல்லை, தொட்டதெல்லாம் பாதியில் நின்னிருக்கு.

1923-ல் உடம்பு தேற இங்கிலாந்தின் தென்கரையில் ஹேஸ்டிங்ஸுக்குப் போய்த் தங்கினார். அங்கேதான் தூரத்தில் இருப்பதைப் பார்க்கும் கருவியைச் செய்வதுன்னு முடிவு பண்ணினார். யோசனை புதுசு இல்லை. 1884-லேயே பெர்லினில் பால் நிப்கோ என்ற மாணவர் ஒரு தட்டுக்கு பேட்டன்ட் கேட்டிருந்தார். வட்டத்தட்டில் சுருள் வடிவத்தில் துளைகள். தட்டு சுத்தும்போது ஒவ்வொரு துளையும் படத்தை ஒரு கோடாக வருடிட்டுப் போகும், அடுத்த துளை பக்கத்துக் கோடு. ஒரு சுத்து முடிஞ்சா ஒரு ஃப்ரேம் முடிஞ்சது. துளை வழியா வர்ற வெளிச்சத்தை மின்சாரமா மாத்தி அனுப்பணும். அந்தப் பக்கம் அதே வேகத்தில் இன்னொரு தட்டு, அதுக்குப் பின்னால் அந்த மின்சாரத்துக்கு ஏத்தபடி எரிகிற ஒரு விளக்கு. அவ்ளோதான் தத்துவம். ஆனா நிப்கோ காலத்தில் அந்தச் சின்ன மின்சாரத்தைப் பெருக்க ஆம்ப்ளிஃபையர் கிடையாது. பெயர்டு காலத்தில் வால்வு வந்திருந்தது. அதுதான் வித்தியாசம்.

பணம் இல்லை. அதனால டீப்பெட்டி, தொப்பி வைக்கிற அட்டைப்பெட்டி, சைக்கிள் விளக்கு லென்ஸ், தைக்கிற ஊசி, அரக்கு, கோந்து, கத்தரிக்கோல் இதையெல்லாம் வெச்சு கட்டினார். நம்ம மினி ப்ராஜெக்ட் டேபிளைப் பார்த்து யாராவது சிரிச்சா இந்த லிஸ்டைக் காட்டலாம். 1924-ல் சில அடி தூரத்துக்கு ஒரு சிலுவை வடிவத்தின் நிழலை அனுப்ப முடிந்தது. நிழல் மட்டும்தான், முகம் இல்லை. அதே வருஷம் ஜூலையில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஷாக் வாங்கினார். கை கருகியது, உயிர் தப்பினார். இடத்தின் சொந்தக்காரர் பயந்துபோய் காலி பண்ணச் சொல்லிட்டார்.

லண்டன். சோஹோ பகுதியில் 22, ஃப்ரித் ஸ்ட்ரீட், மாடியில் ரெண்டு அறை. விளம்பரம் தேடி ஒரு பத்திரிகை அலுவலகத்துக்குப் போனப்போ, கீழே யாரோ ஒரு பைத்தியம் வந்திருக்கு, கம்பியில்லாமல் பார்க்கிற மெஷின் வெச்சிருக்கிறதா சொல்லுதுன்னு ஆசிரியர் ஆளை அனுப்பி அவரை வெளியேத்தச் சொன்னதா ஒரு கதை உண்டு. 1925 மார்ச்சில் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மூணு வாரம் கூட்டத்துக்கு நிழல் படம் காட்டிக் கொஞ்சம் காசு பார்த்தார். கைக்கும் வாய்க்கும் சரியா இருந்தது.

பிரச்சினை வெளிச்சம். ஒரு நிஜ முகத்தில் இருந்து திரும்பி வர்ற வெளிச்சம் ரொம்பக் கம்மி. அந்தக் காலத்து செல்லுக்கு அது போதாது. போதுமான அளவுக்கு விளக்கு வெச்சால் மனுஷன் முன்னாடி உட்கார முடியாது. அதனால பெயர்டு ஒரு பொம்மையை உட்கார வெச்சார். பொம்மலாட்டக்காரர்கள் குரல் மாத்திப் பேச வைக்கிற வகை, பேரு ஸ்டூக்கி பில். விளக்கு சூட்டில் அதோட முடி கருகியது, முகத்துப் பூச்சு வெடிச்சது. அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. 1925 அக்டோபர் 2-ஆம் தேதி ரிசீவரில் அந்தப் பொம்மையின் முகம் முதல் தடவையா நிழலா இல்லாமல், கண், மூக்கு, வாய்ன்னு வெளிச்சமும் இருட்டும் கலந்து தெரிந்தது.

பெயர்டு மாடிப்படியில் ஓடினார். கீழே அலுவலகத்தில் வேலை பார்த்த வில்லியம் டெய்ன்டன் என்ற பையனைக் கையோடு இழுத்துட்டு வந்து பொம்மை இருந்த இடத்தில் உட்கார வெச்சார். அடுத்த அறையில் போய்ப் பார்த்தால் திரையில் ஒண்ணுமே இல்லை. திரும்பி வந்து பார்த்தா, சூடு தாங்காமல் பையன் பின்னால் நகர்ந்து உட்கார்ந்திருக்கான். அரை கிரவுன் காசு கொடுத்து மறுபடியும் விளக்கு முன்னாடி தலையை நீட்ட வெச்சார். இந்தத் தடவை தெரிந்தது. டிவியில் வந்த முதல் மனுஷ முகங்களில் ஒண்ணு, லஞ்சம் வாங்கிட்டு வந்த முகம்!

1926 ஜனவரி 26-ஆம் தேதி ராயல் இன்ஸ்டிட்யூஷன் உறுப்பினர்கள் அந்த மாடிப்படியில் பேட்ச் பேட்ச்சா ஏறி வந்து பார்த்தாங்க. பொதுவெளியில் நிஜ டெலிவிஷன் காட்டப்பட்ட நாள்னு வரலாறு குறிச்சு வெச்சிருக்கிறது அதைத்தான். அந்த வீட்டின் கீழே இப்போது ஒரு காபிக் கடை இருக்கு. 1927-ல் லண்டனில் இருந்து கிளாஸ்கோவுக்கு 438 மைல் டெலிபோன் கம்பியில் படம் போனது. 1928 பிப்ரவரியில் அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க் பக்கத்தில் ஹார்ட்ஸ்டேல் என்ற ஊருக்கு, ஷார்ட்வேவ் வழியா. அதே வருஷம் ஜூலையில் கலர் டிவியே காட்டினார். ரெண்டு மூணு வருஷத்துக்குள் இவ்ளோ.

இப்போ நான் தேடி வந்த விஷயம். பெயர்டின் படம் வெறும் 30 கோடு. அதனால அதோட சிக்னல், காதுக்குக் கேட்கிற அலைவரிசைக்குள்ளேயே அடங்கிடும். ஹெட்ஃபோனில் போட்டால் படம் ரீங்காரமாக் கேட்கும். முகம் மாறினால் அந்த ரீங்காரமும் மாறும். யார் உட்கார்ந்திருக்காங்கன்னு சத்தத்தை வெச்சே சொல்ல முடியும்னு பெயர்டு சொல்வாராம். சத்தமாக் கேட்குதுன்னா, கிராமபோன் தட்டில் பதிவு பண்ணலாமே? 1926-ல் இதுக்கு பேட்டன்ட் போட்டார். பேர் ஃபோனோவிஷன்.

இப்போ கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கோங்க. பிற்பாடு அவர் ஒளிபரப்பில் வந்த படத்தை எடுத்துக்கலாம். 30 செங்குத்துக் கோடு, அகலம் 3 பங்கு, உயரம் 7 பங்கு. அப்போ ஒரு கோட்டில் சுமார் 70 புள்ளி, ஒரு ஃப்ரேமுக்கு 2100. நொடிக்கு 12.5 ஃப்ரேம்னா 26,250 புள்ளி. ஒரு சைக்கிளில் ரெண்டு புள்ளி அடங்கும், ஆக சுமார் 13 கிலோஹெர்ட்ஸ். அந்தக் காலத்து 78 ஆர்பிஎம் தட்டு தாங்கினது 5 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குத்தான். என்ன செய்வது? பெயர்டு வேகத்தைக் குறைச்சார். தட்டு ஒரு சுத்து சுத்தும்போது மூணு ஃப்ரேம் மட்டும். நொடிக்கு 1.3 சுத்து, அப்போ கிட்டத்தட்ட 4 ஃப்ரேம். மறுபடி பெருக்கினால் 4 கிலோஹெர்ட்ஸ் சொச்சம். தட்டில் அடங்கிடுச்சு! நிப்கோ தட்டையும் கிராமபோன் வெட்டும் மெஷினையும் இயந்திரமாகவே இணைச்சு ஓட விட்டார், ரெண்டும் ஒண்ணா சுத்தட்டும்னு.

நமக்குக் கிடைச்சிருக்கிற பழைய தட்டில் இருக்கிற தேதி 1927 செப்டம்பர் 20. அதில் இருக்கிறது ஸ்டூக்கி பில்தான். இதுக்குச் சரியா 13 நாள் முன்னாடி, செப்டம்பர் 7-ஆம் தேதி, சான்ஃபிரான்சிஸ்கோவில் ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த் என்ற பையன் சுத்துற தட்டே இல்லாமல், முழுக்க எலக்ட்ரான் குழாயை வெச்சு ஒரு கோட்டை அனுப்பிக் காட்டிட்டான். வயசு 21. (என் வயசு. நான் இன்னும் சப்ளியை முடிக்கல.) பெயர்டின் பாதை முடியப்போகுதுங்கிறது அந்த மாசமே எழுதப்பட்டாச்சு, அவருக்குத்தான் தெரியல.

பொம்மை மட்டுமில்லை. 1928 மார்ச்சில் மிஸ் பௌன்ஸ்ஃபோர்ட் என்ற பெண்ணை உட்கார வெச்சு ஒரு தட்டு வெட்டினாங்க. ஆனா தட்டிலிருந்து படத்தைத் திரும்ப எடுக்கிறது சரியா வரல. ஏன்னா ஒரு கோட்டுக்கு ஒதுக்கின நேரம் சுமார் 8.5 மில்லி நொடி, அதில் ஒரு புள்ளிக்கு 0.12 மில்லி நொடி. மெஷின் லேசா அதிர்ந்தாலோ, பல்சக்கரம் துளி முன்னே பின்னே போனாலோ, கோடு ஆரம்பிக்கிற இடம் தள்ளிப்போகும். பாட்டு கேட்கிற காதுக்கு அந்தத் தள்ளாட்டம் பெருசாத் தெரியாது. கண்ணுக்கு முகமே குலைஞ்சு போயிடும். சினிமாவோட போட்டி போடுற தரம் இதில் வராதுன்னு பெயர்டு இதை ஓரமா வெச்சுட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டார். தட்டுகள் யார் யார் கைக்கோ போச்சு.

எங்க தாத்தா கேசட்டிலும் நடந்தது இதேதான். பால் முறையில் ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோ நொடி. டேப் வருஷக்கணக்கில் இழுபட்டிருக்கும், ஹெட் சுத்துற டிரம்மின் வேகமும் சீரா இருக்காது. ஒரே ஒரு மைக்ரோ நொடி தள்ளினால் டிஜிட்டல் படத்தில் 13 பிக்சல் நகர்ந்திடும். வாசக்கால் நெளியாமல் என்ன பண்ணும்?

சரி, பெயர்டு. 1929 செப்டம்பர் 30-ல் பிபிசியின் டிரான்ஸ்மிட்டர் வழியா சோதனை ஒளிபரப்பு ஆரம்பிச்சது. சும்மா கிடைக்கல. ரீத் அங்கே தலைமையில் இருந்தார், காலேஜ் சினேகிதம்னு ஒண்ணும் உதவல. பிபிசி என்ஜினியர்கள் 30 கோட்டுப் படம் மக்களுக்குக் காட்டற தரத்தில் இல்லைன்னு நினைச்சாங்க. அவங்க பக்கமும் நியாயம் இருக்கு, அதை மறைக்க வேண்டியதில்லை. மீடியம் வேவ் சேனலில் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இடம் இல்லை, அதுக்குள் இதுக்கு மேல் படம் வராது. முதல் ஆறு மாசம் ஒரே டிரான்ஸ்மிட்டர்தான். படம் கொஞ்ச நேரம், அப்புறம் அதுக்கான சத்தம், மாத்தி மாத்தி. 1930 மார்ச்சில்தான் ரெண்டும் சேர்ந்து வந்தது. அந்த ஜூலையில் பிரிட்டனின் முதல் டிவி நாடகம், அடுத்த வருஷம் டெர்பி குதிரைப் பந்தயம். டெலிவைசர்னு ஒரு பெட்டி வித்தாங்க, வாங்கினவங்க கொஞ்சம் பேர்தான். 1931-ல் மார்கரெட் ஆல்பு என்ற பியானோ கலைஞரை நியூயார்க்கில் கல்யாணம் பண்ணிக்கிட்டார். ரெண்டு பிள்ளைகள்.

கம்பெனி அவர் பேரில் இருந்தது, அவர் கையில் இல்லை. 1932-ல் கோமான்ட் பிரிட்டிஷ் என்ற சினிமா நிறுவனம் அதைத் தன் பிடிக்குள் எடுத்தது. முடிவெடுக்கிற இடத்தில் இருந்து மெல்ல மெல்ல பெயர்டை நகர்த்திட்டாங்க.

1936-ல் பெரிய பரீட்சை வந்தது. லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸில் பிபிசி முறையான டிவி சேவையை ஆரம்பிச்சது, நவம்பர் 2-ஆம் தேதி. ரெண்டு சிஸ்டம், மாறி மாறி ஓட்டிப் பார்த்து ஒண்ணைத் தேர்ந்தெடுக்கறதா ஏற்பாடு. ஒண்ணு மார்க்கோனி-இஎம்ஐ, 405 கோடு, முழுக்க எலக்ட்ரானிக் கேமரா. இன்னொண்ணு பெயர்டு கம்பெனி, 240 கோடு. பெயர்டு பக்கத்தில் ஸ்டுடியோக் காட்சியை முதலில் சினிமா ஃபிலிமில் எடுத்து, அங்கேயே தொட்டிக்குள் விட்டுக் கழுவி, ஈரம் காயறதுக்குள்ளேயே ஸ்கேன் பண்ணி அனுப்பினாங்க. ஒரு நிமிஷத்துக்குள் இவ்வளவும் நடக்கணும். கேமராவை நகர்த்தவே முடியாது, தண்ணிக் குழாயோட பிணைஞ்சு கிடந்தது. அந்தப் பக்கம் எமிட்ரான் கேமராவோ தோட்டத்தில் உலாத்திக்கிட்டு இருந்தது. எனக்கென்னவோ இந்த இடத்தைப் படிக்கும்போது தோல்வியைவிட அந்த ஈர ஃபிலிம் யோசனைதான் பெருசாத் தெரிஞ்சது. வேகமான டிரான்ஸ்ஃபர்னா அதுதான்.

அதே நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி கிரிஸ்டல் பேலஸ் தீப்பிடிச்சு எரிஞ்சது. பெயர்டு கம்பெனியின் ஆய்வுக்கூடங்கள் இருந்த இடம் அது. 1937 பிப்ரவரியில் அவங்க சிஸ்டத்தை நிறுத்தியாச்சுன்னு அறிவிப்பு வந்தது. 1939-ல் போர் வந்ததும் பிபிசி டிவியையே மூடிட்டாங்க, கம்பெனி கடனில் மூழ்கியது.

வேற யாரா இருந்தாலும் இங்கே ஓய்ஞ்சிருப்பாங்க. இவர் போர்க்காலத்தில் தன் சொந்தக் காசைப் போட்டு, லண்டன் சிடனம் பகுதியில் இருந்த வீட்டிலேயே ஆராய்ச்சி பண்ணினார், குண்டு விழுந்துட்டு இருக்கும்போது. 1941-ல் 600 கோட்டில் கலர் படம். 1944 ஆகஸ்ட் 16-ல் டெலிக்ரோம் என்ற கலர் படக்குழாயைக் காட்டினார். ரெண்டு எலக்ட்ரான் துப்பாக்கி, சுத்துற பாகம் எதுவுமே இல்லை. வாழ்நாள் முழுக்கத் தட்டைச் சுத்த வெச்ச மனுஷன், சுத்துறதே இல்லாத ஒண்ணைச் செஞ்சு முடிச்சார்.

1946 ஜூன் 7-ஆம் தேதி பிபிசி டிவி திரும்ப ஆரம்பிச்சது. ஒரு வாரம் கழிச்சு, ஜூன் 14-ல், பெக்ஸ்ஹில் என்ற கடலோர ஊரில் பெயர்டு தூக்கத்திலேயே இறந்தார். பிப்ரவரியிலேயே ஸ்ட்ரோக் வந்திருந்தது. வயசு 57. ஹெலன்ஸ்பரோவில் புதைச்சாங்க.

தட்டுகள் கதை இன்னும் முடியல. 1980-களில் டொனால்ட் மெக்லீன் என்ற பிரிட்டிஷ் என்ஜினியர் இந்த ஃபோனோவிஷன் தட்டுகளை ஆடியோவா வாசிச்சு, கம்ப்யூட்டருக்குள் ஏத்தினார். பெயர்டு காலத்தில் ஓடுற தட்டோட போட்டி போட்டு அந்தந்த நொடியிலேயே கோட்டைச் சரி பண்ணணும். கம்ப்யூட்டருக்கு அவசரம் இல்லை. எல்லாத்தையும் நினைவில் போட்டுக்கிட்டு, ஒவ்வொரு கோடும் எங்கே ஆரம்பிக்குதுன்னு கண்டுபிடிச்சு, தள்ளிப்போனதை இழுத்து அதோட இடத்தில் நிறுத்தலாம். ஒரு சுத்துக்குச் சரியா மூணு ஃப்ரேம்னு பெயர்டு பூட்டி வெச்சது இங்கே கை கொடுத்தது. கோடு எப்படித் தள்ளாடுதுங்கிறதை வெச்சு, பெயர்டின் மெஷின் எந்த இடத்தில் அதிர்ந்ததுன்னுகூட மெக்லீன் ஆராய்ஞ்சிருக்கார். 90-களில் இன்னொரு தட்டும் கிடைச்சது. 1933 ஏப்ரல் 21-ல் பிபிசி ஒளிபரப்பின ஒரு நடன நிகழ்ச்சியை யாரோ ஒரு நேயர் வீட்டில் அலுமினியத் தட்டில் பதிவு பண்ணி வெச்சிருந்தார். டிவி நிகழ்ச்சியை வீட்டில் ரெக்கார்ட் பண்றது அப்போவே ஆரம்பிச்சாச்சு! ஒல்லியான பெண்கள் வரிசையா காலைத் தூக்கி ஆடறாங்க, 30 கோட்டில். நல்லாவே தெரியுது.

மிஸ் பௌன்ஸ்ஃபோர்ட் தட்டை லேப்டாப்பில் பார்த்தேன். முதலில் வெறும் பட்டைதான் தெரியும். கண்ணைக் கொஞ்சம் சுருக்கி, ரெண்டு அடி தள்ளி உட்கார்ந்தால் சட்டுன்னு ஒரு பெண் தலையைத் திருப்புறாங்க, ஏதோ பேசறாங்க. 1928-ல் அதைப் பதிவு பண்ணினவருக்கு இந்த அளவு தெளிவா பார்க்கக் கிடைக்கல.

அப்புறம் கேசட்டுக்கு வந்தேன். மெக்லீன் பண்ணினதை ஒரு சின்ன சர்க்யூட் அப்போதைக்கப்போதே பண்ணிடும், பேர் டைம் பேஸ் கரெக்டர். கோடுகளை மெமரியில் வாங்கி, சீரான கடிகாரத்தில் திருப்பி விடும். சில ஹை-8 கேமராவுக்குள்ளேயே அது இருக்கு. மெனுவில் டிபிசின்னு இருக்கும், ஆன் பண்ணினால் போதும். சீனியர் ஒருத்தர் வீட்டில் அந்த மாதிரி ஒண்ணு கிடைச்சது. மஞ்சள் வயரை விட்டுட்டு எஸ்-வீடியோ வயரில் எடுத்தேன், அதில் வெளிச்சமும் கலரும் தனித்தனியா வரும், ஓரமெல்லாம் சுத்தமா இருக்கும். கடைக்காரர் நாலு மணி நேரத்தை ஒரே டிவிடியில் திணிச்சிருந்தார். 4.7 ஜிபியை நாலு மணி நேரத்துக்குப் பிரிச்சால் நொடிக்கு சுமார் 2.6 மெகாபிட்தான் வரும், முகம் கட்டம் கட்டமா உடையாமல் வேற என்ன ஆகும். நான் ஒரு டிஸ்குக்கு ஒரு மணி நேரம்தான் வெச்சேன், 8 மெகாபிட்டுக்கு மேல் கிடைச்சது. கேசட்டை ஓட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசா ஓட்டி ரீவைண்ட் பண்ணிக்கோங்க, ஒட்டியிருந்தால் விடும். பூஞ்சை தெரிஞ்சால் ஓட்டவே ஓட்டாதீங்க, ஹெட் போயிடும்.

வாசக்கால் இப்போ நேரா நிக்குது. தாத்தா கேமராவைப் பார்த்து ஏதோ சொல்றார். என்னன்னு கேட்கல, பக்கத்தில் நாதஸ்வரம். அம்மா மூணு தடவை ரீவைண்ட் பண்ணிப் பார்த்துட்டு, சாப்பிட வாங்கன்னுதான் சொல்றார்ங்கிறாங்க. அண்ணன் இல்லைங்கிறான்.